கையெழுத்தில்லாத இருபத்துநான்கு படிவங்கள்

"ஆகிலா, இண்டைக்கி வேலையா, அழுகையா?"

"வேலைதான் மெடம்."

"அப்ப கண் ஏன் செவந்து கிடக்கு?"

"நித்திரை இல்ல மெடம்."

"எனக்கு மட்டும் நித்திரை வருதா? எங்கட வளவுக்குள்ளயும்தான் கடல் வந்திச்சி. நான் என்ன ஒப்பாரி வெச்சிட்டா இரிக்கன்?" பரீனா மெடம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். மற்ற மேசைகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இஞ்ச கேளுங்க எல்லாரும். நம்மட காரியாலயத்தில இண்டையிலிருந்து புதுசா ஒரு திணைக்களம் திறந்திரிக்கி. கண்ணீர் திணைக்களம். பொறுப்பதிகாரி, ஆகிலா."

அது 2005 ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை. கல்முனைக் கரையில் கடல் ஏறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகிலாவின் தங்கை ஜெஸீமாவைக் கடல் கொண்டுபோயிருந்தது, உடல் கிடைக்கவில்லை. வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த ‘கரைமலர்ச்சி’ நிறுவனத்தில் ஆகிலா கள உத்தியோகத்தர், பரீனா முகாமையாளர். முந்திய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காணாமற்போனவர்களின் பட்டியலை வாசித்தபோது, தங்கையின் பெயர் வந்த இடத்தில் ஆகிலாவின் குரல் உடைந்துபோனது. நடந்தது அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பட்டம்தான் இது.

முதலில் சிரித்தவள் ஸுல்பிகா, பக்கத்து மேசைக்காரி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மெடம் சிரிக்கிறார், சிரிக்காமல் இருந்தால் பார்வை தங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று சிரித்தார்கள். ஆகிலாவுக்கு அது அன்றே விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை.

அதன்பிறகு அவளுடைய மேசை சாமான் அறைக் கதவோரம் போனது. காலைத் தேநீர்த் தட்டு அவளைத் தாண்டிப் போனது. பாலமுனைக்கோ வரிப்பத்தான்சேனைக்கோ கள வேலைக்கு வான் புறப்பட்டால், அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் வான் போயிருக்கும். எழுதிக்கொடுத்த அறிக்கைகள் ‘மீண்டும் எழுதுக’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தன. என்ன பிழை என்று ஒருநாளும் சொல்லப்படவில்லை. ஒரு அறிக்கையை அவள் ஏழு தரம் எழுதினாள். ஏழாவதும் முதலாவதும் ஒரு எழுத்துக்கூட மாறாதவை, ஏழாவது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கடல் வந்து இரண்டு வருடம் நிறைந்த டிசம்பர் இருபத்தாறாம் திகதி, வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்திருந்தார்கள். வீடியோக் கமராவுக்கு முன்னால் ஆகிலாவை உட்காரவைத்து, தங்கையின் கதையைச் சொல்லச் சொன்னார் பரீனா. ஆகிலா சொன்னாள். அன்று அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. விருந்தினர் போனபிறகு பரீனா எல்லோருக்கும் கேட்க, "தேவையான நேரத்தில திணைக்களத்துக்கு லீவு" என்றார். அன்றும் சிரித்தார்கள்.

2007 பெப்ரவரியில் ஆகிலா இராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது, கூடவே ஒரு வேண்டுதலும் தொண்டையில் நின்றது. ‘நீங்க எனக்குச் செஞ்சது என்ன எண்டு இவங்களுக்கு முன்னால ஒருக்கா உங்கட வாயால சொல்லுங்க.’ அவள் வாயைத் திறந்தாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க, குளிர்க்காத்து வெளிய போகுது" என்றார் பரீனா, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆகிலா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்த வேண்டுதலை விழுங்கிக்கொண்டே வந்தாள்.

*

அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை மருதமுனைக்காரர் றுமைஸ், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரங்களை மொத்தமாக எடுத்து விற்பவர். ஊர் வழக்கப்படி அவர் சாய்ந்தமருதில் ஆகிலாவின் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். வேலையை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டபோது, "தூரம் கூட" என்றாள். காரியாலயம் மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. றுமைஸ் ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

நாட்டில் யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழித்து, 2010 இல், கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிலையம் இந்தக் கரையில் ஒரு கணக்கெடுப்பு நடத்த வந்தது. வேலைத்தளங்களில் மனத்தைக் குத்தும் துன்புறுத்தல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று அளக்கவேண்டும். மருதமுனையிலிருந்து அறுகம்பே வரை இருபத்தேழு காரியாலயங்கள். பொறுப்பாக இருந்தவர் கல்முனைக் கனகரெத்தினம் சேர், புள்ளிவிபர வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். விளம்பரத்தைப் பார்த்து ஆகிலா போனாள். அவர் கொடுத்த பரீட்சையில் முதலாவதாக வந்தாள்.

படிவத்தைக் கையில் எடுத்தாள். இருபது கேள்விகள். ‘மற்றவர்கள் முன்னிலையில் உங்களைக் கேலி செய்தார்களா?’ ‘உங்களைப் பேச்சிலிருந்தும் கூட்டங்களிலிருந்தும் ஒதுக்கினார்களா?’ ‘காரணம் சொல்லாமல் உங்கள் வேலையைத் திருப்பி அனுப்பினார்களா?’ யாரோ சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, மாதத்தில் ஒருமுறை, வாரத்தில் ஒருமுறை, நாள்தோறும்.

"ஒரு நாள் ஒருத்தர் ஏசினா அது கோவம்," என்று கனகரெத்தினம் சேர் விளங்கப்படுத்தினார். "ஆறு மாசமா, கிழமைக்கு ஒருக்காலாவது இதில ஒண்டு நடந்திருந்தா, அதுதான் நாம எண்ணுற சாமான். விளங்குதா பிள்ளையள்?"

"விளங்குது சேர்," என்றாள் ஆகிலா. அவளுடைய கணக்கில் இருபதில் பதினாறு, வாரத்துக்குக் குறையாமல் நடந்தவை.

காரியாலயங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மூன்றாவது சீட்டே கரைமலர்ச்சி.

"இதுக்குள்ள ஆருக்கும் சொந்தக்காரர் வேலை செய்யிற இடம், பழைய வேலைத்தளம் ஏதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க, அவங்கள அங்க விடமாட்டன்" என்று சேர் கேட்டார்.

ஆகிலா சொல்லவில்லை. பரீனாவின் வாயிலிருந்து வராத வார்த்தையை ஓர் எண் சொல்லப்போகிறது. அச்சடித்து, கொழும்புக்குப் போய், எல்லோரும் வாசிக்கும்படி சொல்லப்போகிறது. அதை யார் கையிலும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

*

தன்னை அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆகிலா ஒதுங்கிக்கொள்ள, படிவங்களைக் கரைமலர்ச்சிக்குக் கொண்டுபோனவள் கிருசாந்தி, பாண்டிருப்புப் பிள்ளை, குழுவில் இளையவள். மூன்றாம் நாள் கட்டோடு திரும்பி வந்தாள். கனகரெத்தினம் சேர் கட்டை அவிழ்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது?"

இருபத்துநான்கு படிவங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர், பதவி, திகதி, கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே நீல மையில் றப்பர் முத்திரை: ‘பரிசீலிக்கப்பட்டது — முகாமையாளர்’. முத்திரைக்கு மேல் பரீனாவின் வளைந்த ஒப்பம்.

"பேர் எழுத வேண்டாம் எண்டு மேல கொட்டை எழுத்தில அடிச்சிருக்கே!"

"நானும் சொன்னன் சேர். படிவத்தில கையெழுத்து வெக்கிறதுக்கு இடம் விட மறந்திட்டீங்க எண்டு அவங்க எனக்குச் சொல்லுறாங்க. ஒருத்தர் அடிமட்டம் வெச்சிக் கோடு கீறிக் குடுத்தார், மற்றவங்க அதில வெச்சாங்க. கையெழுத்தில்லாத கடதாசி என்ட காரியாலயத்த விட்டு வெளிய போகாது எண்டு மெடமும் சொன்னாவு."

கனகரெத்தினம் சேருக்குச் சிரிப்பு வந்தது. ஆகிலாவுக்கு வரவில்லை. கடல் வந்த நாளிலிருந்து இந்தக் கரையில் கையெழுத்து வைக்காமல் ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்ததில்லை. அரிசிக்குக் கையெழுத்து, கூடாரத்துக்குக் கையெழுத்து, ‘ஆள் இல்லை’ என்று சொல்வதற்கும் கையெழுத்து. ஜெஸீமாவுக்காக அவளே ஒன்பது இடத்தில் வைத்திருக்கிறாள். கையெழுத்தில்லாத கடதாசி இவர்களுக்கு நம்பிக்கையான கடதாசி அல்ல.

சேர் புரட்டிக்கொண்டே போனார். இருபத்துநான்கு பேர், இருபது கேள்வி. நானூற்றெண்பது கட்டத்திலும் ஒரே பதில். ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை.

"இப்பிடிச் சொர்க்கம் ஒண்டு கல்முனையில இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். "இது குப்பைக்கு. இந்தக் காரியாலயத்த விட்டுட்டு வேறொண்டு எடுப்பம்."

"விடப்படாது சேர்!"

குரல் பெரிதாக வந்துவிட்டது. கிருசாந்தி திரும்பிப் பார்த்தாள்.

"அவங்கட வீடுகளுக்குப் போய்க் குடுப்பம். வீட்டில மெடம் இல்ல, முத்திரை இல்ல. வீடெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் ஆகிலா.

"இருபத்துநாலு வீடும்?"

"பழைய ஆக்கள்ட எல்லா வீடும். புது ஆக்கள விசாரிச்சிப் பிடிக்கலாம்."

கனகரெத்தினம் சேர் கதிரையில் சாய்ந்தார். "எத்தனை வருசம் அங்க வேலை செய்தீங்க பிள்ளை?"

மறைக்க இனி ஒன்றுமில்லை. "ரெண்டு வருசம்."

"நான் கேக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"சொன்னா விடமாட்டீங்க."

"இப்பவும் விடமாட்டன். உங்கட முகத்தப் பார்த்தா, அந்தப் பொம்பிளையத் தூக்கில போட ஒரு இலக்கம் தேடுற மாதிரித்தான் இருக்கு."

"ஓம் சேர். தேடுறன்தான்." ஆகிலா அவரை நேராகப் பார்த்தாள். "ஆனா களவான இலக்கம் எனக்கு வேணாம். களவான இலக்கத்தால அவவ அசைக்கேலாது. ஒருத்தரும் தட்டேலாத இலக்கம் வேணும். அது உங்கட முறையிலதான் வரும். முறையச் சொல்லுங்க, அப்பிடியே செய்றன்."

சேர் முத்திரை குத்திய படிவங்களை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு எழுந்துபோய், அலுமாரிக்கு மேலிருந்த பெரிய பிஸ்கற் தகரம் ஒன்றை இறக்கினார். மூடியில் கத்தியால் ஒரு கீறல் வெட்டினார். மூடியைச் சுற்றிப் பசைநாடா ஒட்டி, நாடாவின் மேல் தன் கையெழுத்தை வைத்தார்.

"வீட்டைக் காட்டுறது மட்டும்தான் உங்கட வேலை. படிவத்தக் கிருசாந்தி குடுப்பா. நீங்க ஒரு கேள்வி கேக்கப்படாது, ஒரு படிவத்தப் பார்க்கப்படாது. தகரத்த நான்தான் திறப்பன். ஆர் என்ன சொன்னாலும், அது உங்கட வாயால வெளிய போகப்படாது. சத்தியம்?"

"வல்லாஹி, போகாது."

*

பதினொரு நாள் நடந்தார்கள். பின்னேரங்களில், வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வந்து முகம் கழுவிய நேரமாகப் பார்த்து.

ஸுல்பிகா கேற்றைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "ராத்தா... நீங்களா?"

"நானில்ல. இந்தப் புள்ளதான் வந்திரிக்கா. நான் வீடு காட்ட வந்த."

ஸுல்பிகா படிவத்தை வாங்கி, வழக்கம்போல் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். "கையெழுத்து எங்க வெக்கிற?"

"வெக்கத் தேவல்ல அக்கா. வெச்சா இதச் செல்லாது எண்டு எறிஞ்சிருவாங்க" என்றாள் கிருசாந்தி.

"வெச்சா செல்லாதா? உலகம் தலைகீழாப் பெயித்து போல." சிரிக்கப் பார்த்தாள். ஆகிலா சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். உள்ளே போனவள் திரும்பிவர முக்கால் மணித்தியாலம் ஆனது. மடித்த கடதாசியைத் தகரத்துக்குள் போட்டுவிட்டு, ஆகிலாவின் கையைப் பிடித்தாள். "நான் அண்டைக்கி..."

"ஒண்டும் சொல்லாதீங்க. கேக்கிறதுக்கு எனக்கு அனுமதி இல்ல" என்று ஆகிலா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அனுமதி இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். ஸுல்பிகாவும் கொஞ்சக்காலம் சுமக்கட்டும் என்றிருந்தது.

காரியாலயத்தில் தேநீர் ஊற்றும் உம்மு, வாசற்படியில் குந்திக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்து, ஒவ்வொரு கட்டமாக அடையாளம் போட்டாள். பாதியில் தலையை நிமிர்த்தினாள்.

"தங்கச்சி, நாள்தோறும் எண்டதோட கட்டம் முடியிது. நாளைக்கி ரெண்டு தரம் எண்டா எங்க போடுற?"

கிருசாந்தி விழித்தாள். "நாள்தோறும் எண்டதிலயே போடுங்க அக்கா."

"அது கொறையுதே" என்றாள் உம்மு. பேனையை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒரு அடையாளத்தின் மேல் இன்னொன்றைப் போட்டாள். ஆகிலா வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கனகரெத்தினம் சேர் நாடாவைக் கிழித்துத் தகரத்தைத் திறந்தார். இரண்டு தரம் எண்ணினார். கிருசாந்தியைக் கொண்டு மூன்றாவது தரம் எண்ணுவித்தார்.

"இருபத்துநாலில பதினேழு. நூற்றுக்கு எழுபத்தொண்டு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மற்ற எல்லா இடமும் சேர்த்துப் பார்த்தா இருபத்தெட்டுத்தான் வருது. நானும் எத்தனையோ எண்ணியிருக்கன் பிள்ளை, இப்பிடி ஒண்டக் காணல்ல."

ஆகிலா கதிரையில் உட்கார்ந்தாள். பதினேழு. மூன்றரை வருடமாக, தான்தான் தோல் மெலிந்தவளோ, தான்தான் பகிடியை விளங்காதவளோ என்று குடைந்துகொண்டிருந்த ஒன்று அந்த நிமிடம் அடங்கியது. அடங்கிய இடத்தில் வேறொன்று எழுந்தது, சூடாக, நிதானமாக.

"அறிக்கை எப்ப வரும் சேர்? கரைமலர்ச்சி எண்டு தலைப்பிலயே போடுவீங்களா?"

"பேர் போடுறல்ல பிள்ளை. ‘ஒரு நிறுவனத்தில்’ எண்டு வரும்."

"ஒரு நிறுவனம் எண்டா ஆருக்கு விளங்கும்? அவ வாசிச்சிட்டு, பாருங்க சில இடங்கள் எவ்வளவு மோசம் எண்டு அந்த ஆக்களுக்கே கூட்டம் வெச்சிப் பேசுவா!"

"பேசட்டும். பேர் வெளிய போனா அந்தப் பதினேழு பேரையும் ஒவ்வொருத்தராத் தேடிப் பிடிப்பா. இனி இந்தக் கரையில ஒருத்தர் இந்தத் தகரத்துக்குள்ள உண்மையப் போடமாட்டார். நீங்க சத்தியம் பண்ணினது அவங்களுக்கு, எனக்கில்ல."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க அவளால் முடியவில்லை. அதனால் கோபம் கூடியது. எண் வந்துவிட்டது, பரீனாவின் பெயரைத் தொடாமல் வந்துவிட்டது.

*

ஒக்டோபர் மாதக் கடைசியில் பரீனாவிடமிருந்தே தொலைபேசி வந்தது.

"ஆகிலாவா? பரீனா மெடம். ஹஜ்ஜுக்குப் போறன் புள்ள, அல்ஹம்துலில்லாஹ். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பொறகு வீட்ட துஆ மஜ்லிஸ். பழைய ஆக்கள், புது ஆக்கள் எல்லாரும் வரணும். கட்டாயம்."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர்களைப் பிரார்த்தனைக்குக் கூட்டி, எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது இந்த ஊர்களின் வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் பொறுத்தால்தான் உண்டு. அந்தச் சுமையோடு போகக்கூடாது என்பதற்காகத்தான் கேட்பார்கள். கேட்டால் யாரும் இல்லையென்பதில்லை.

றுமைஸ் முற்றத்தில் சாரங்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆகிலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இஞ்ச, நான் வேலைய விட்டது தூரத்துக்காக இல்ல."

"தெரியும். மூணு கிலோமீற்றர நானும் அளந்திரிக்கன்" என்றார் அவர், அடுக்கிக்கொண்டே.

எல்லாவற்றையும் சொன்னாள். திணைக்களம், சாமான் அறை, ஏழு அறிக்கை, வீடியோக் கமரா. றுமைஸின் கை பாதியில் நின்றது. ஜெஸீமாவை அவர் பார்த்ததில்லை. ஆனால் சுவரில் தொங்கும் அவளுடைய படத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் தூசி தட்டுபவர் அவர்தான்.

"இதெல்லாம் வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டா எனக்கு இவ்வளவு நாளும் கறி ஆக்கின?"

"பகிடி பண்ணாதீங்க."

"பகிடி இல்ல புள்ள. நான் என்ன செய்யணும் சொல்லுங்க."

"மாப்புக் கேட்டா நான் குடுக்கமாட்டன். ஊர் கதைக்கும். ஹஜ்ஜுக்குப் போற ஆளுக்கு மாப்பு இல்லையெண்டு சொன்னவ எண்டு கதைக்கும். உங்கட கடைக்கி வாறவங்களும் கதைப்பாங்க."

அவர் ஒரு சாரத்தை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தார். "கதைக்கட்டும். சாரம் வாங்காமப் பெயிருவாங்களா? நான் மோட்டார் சைக்கிள ஸ்டார்ட்டில வெச்சிட்டு வெளிய நிக்கன். செய்யிறதச் செஞ்சிட்டு வந்து ஏறுங்க."

ஆகிலா சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவர் சாரக்கட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார்.

*

பரீனாவின் வீட்டு ஹோலில் பெண்கள் பாய்களில் நெருங்கி இருந்தார்கள். ஆண்கள் வெளியே பந்தலில். மௌலவி துஆ ஓதி முடித்ததும், பந்தலிலிருந்து மைக்கை உள்ளே அனுப்பினார்கள். பரீனா வெள்ளை அபாயாவில், கண்ணில் சுருமாவோடு, அதில் எல்லோருக்குமாகப் பேசினார். குரலில் நடுக்கம்கூட இருந்தது. "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச குத்தங்குறையெல்லாம் அல்லாட பேரால எல்லாரும் பொறுத்துக்கங்க."

"பொறுத்தம், பொறுத்தம்" என்று பந்தலிலிருந்து குரல்கள் வந்தன. பரீனா மைக்கை மேசையில் வைத்துவிட்டு, பெண்களிடம் ஒவ்வொருவராக வந்தார். கைகளைப் பிடிப்பார். "மாப்புத் தாங்க." "பொறுத்தன் மெடம்." அடுத்தவர். "மாப்புத் தாங்க." "பொறுத்தன் மெடம்."

ஆகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். கரைமலர்ச்சிக்காரர்கள் ஒரே பக்கமாக இருந்தார்கள். பொறுத்தன், பொறுத்தன், பொறுத்தன். கட்டம் கட்டமாக, ஒரே பதில். உம்மு தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஸுல்பிகா சொல்லும்போது ஆகிலாவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சத்தில் இதற்கும் முத்திரை விழுந்துவிடும். பரீனா சுமையில்லாமல் விமானம் ஏறுவார்.

பதினேழு என்ற சொல் ஆகிலாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் போதும், இந்த ஹோல் அதிரும். ஆனால் அது உம்முவுடையது, ஸுல்பிகாவுடையது. நாளைக்கும் அதே காரியாலயத்துக்குப் போகவேண்டியவர்களுடையது. தன்னுடையது என்று அவளிடம் இருந்தது ஒன்றுதான். அந்தத் தகரத்துக்குள் அவளுடைய படிவம் போகவில்லை.

பரீனா அவளுக்கு முன்னால் வந்து நின்றார். முகம் மலர்ந்தது.

"அட, கண்ணீர் திணைக்களமும் வந்திரிக்கி!"

சொன்னவர் யோசித்துச் சொல்லவில்லை, வாய் பழகியிருந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்களும் பழகியிருந்தார்கள். பரீனா ஆகிலாவின் இரு கைகளையும் பிடித்தார்.

"மாப்புத் தா புள்ள."

"எதுக்கு மெடம்?"

"எதுக்கெண்டா? எல்லாத்துக்கும்தான். தெரிஞ்சும் தெரியாமலும்..."

"தெரிஞ்சி செஞ்சதுக்குக் கேக்கிறீங்களா, தெரியாமச் செஞ்சதுக்கா?"

கைகள் தளர்ந்தன. "என்ன புள்ள, நல்ல நாளில. அதெல்லாம் பகிடிக்கிச் சொல்ற."

"நான் பொறுக்கல்ல மெடம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள். மூலையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த பரீனாவின் தாய் சல்மா உம்மா எட்டிப் பார்த்தார்.

"மகள், ஹஜ்ஜுக்குப் போற புள்ளைக்கி அப்பிடிச் சொல்லப்படாது. நாளைக்கி விடியச் சுபஹுக்கு வெளிக்கிடுறா."

"தெரியும் உம்மா. அதாலதான் இண்டைக்கிச் சொல்றன்."

பரீனா குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "அறைக்குள்ள வா. தனியக் கதைப்பம். என்ன கேட்டாலும் செய்றன்."

ஆகிலா அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை அவள் அவசரப்படாமல் பார்த்தாள். மூன்றரை வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் பெரிதில்லை.

"தனிய வேணாம். நீங்க தனியச் செய்யல்லியே."

"புள்ள, ஆக்கள் பார்க்கிறாங்க."

"அண்டைக்கும் பார்த்தாங்க."

அவள் எழுந்தாள். பாய்களுக்கு நடுவே கால் வைக்க இடம் விட்டுப் பெண்கள் ஒதுங்கினார்கள். ஸுல்பிகா தன் முந்தானையைத் தானே இழுத்து வழிவிட்டாள். ஆகிலா மேசையிலிருந்த மைக்கை எடுத்தாள். அது இன்னும் அணைக்கப்படவில்லை. அவள் மூச்சு பந்தலில் கேட்டது, அங்கே ஆண்களின் பேச்சு நின்றது. திரும்பி வந்து அதைப் பரீனாவின் முன்னால் நீட்டினாள்.

"மாப்பு நான் தாறன் மெடம். அதுக்கு முதல், நீங்க எனக்குச் செஞ்சது என்ன எண்டு, ஒண்டொண்டா, இவங்க எல்லாருக்கும் கேக்க உங்கட வாயால சொல்லுங்க."